பார்சல் பில் ஏன் கூடியது? பில்லில் இருக்கும் வரியை வைத்தே கண்டுபிடிக்கும் வழி

முதலில் பில்லைக் கையில் எடுங்கள். ஃபோனில் இருந்தால் பெரிதாக்கி வையுங்கள். கடைசியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டாம், அது ஏற்கெனவே வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருக்கும். அதற்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். ஒழுங்கான பில்லில் வெறுமனே ‘கூடுதல் கட்டணம்’ என்று மொட்டையாகப் போட மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் தெரிந்தால்தான் திரும்ப வாங்கக்கூடிய பணமா, அடுத்த தடவை தவிர்க்கக்கூடியதா, இல்லை விட்டுத் தொலைக்க வேண்டியதா என்று சொல்ல முடியும். பில்லே தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கூரியர் கவுண்டரில் ஏழு வருஷம் உட்கார்ந்தவன். அல்வா, மக்ரூன், அப்பளம், கருப்பட்டி, பாய் என்று நம் சீமையிலிருந்து வெளியூர் போகிற எல்லாவற்றையும் எடை போட்டிருக்கிறேன். நிறையத் திட்டும் வாங்கியிருக்கிறேன். அதில் பாதி நியாயமான திட்டு. இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் கவுண்டருக்கு உள்பக்கம் நடப்பதைச் சொல்வதில் எனக்குச் சங்கடமும் இல்லை.

பில்லோடு இன்னும் இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, பெட்டியின் வெளிப்பக்க நீளம், அகலம், உயரம். சென்டிமீட்டரில் எடுங்கள், தையல் டேப் போதும். இன்னொன்று, பார்சல் போய்ச் சேரும் இடத்தின் பின்கோடு. சரி, இனி உங்கள் கோளாறு எதுவோ அங்கே போய்ப் படிக்கலாம்.

## வீட்டில் எடை போட்டால் 2 கிலோ, பில்லில் ஏழரை கிலோ

இதுதான் எனக்கு அதிகம் வந்த சண்டை. ஒருநாள் பாளையங்கோட்டையில் இருந்து ஒரு அக்கா பெரிய அட்டைப்பெட்டி கொண்டு வந்தார்கள். உள்ளே தூத்துக்குடி மக்ரூன், 2 கிலோ. பெங்களூரில் மகன் வீட்டுக்கு. நான் தொகையைச் சொன்னதும், “ரெண்டு கிலோ சாமானுக்கு ஏழரை கிலோ காசு கேக்கியளே, இது அடுக்குமா?” என்றார்கள். தராசில் கோளாறு இல்லை. அந்த அக்கா அனுப்பியது 2 கிலோ மக்ரூனும் அதைச் சுற்றி நிறையக் காற்றும். காற்றுக்கும் சேர்த்துத்தான் பில்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வைக்கோல் வண்டியே போதும். நெல் மூட்டை ஏற்றினால் லாரியில் இடம் மிச்சம் இருக்கும்போதே எடை எல்லையைத் தொட்டுவிடும். வைக்கோல் ஏற்றினால் எடை எதுவுமே ஆகாது, ஆனால் அதற்கு மேல் ஒரு கட்டு வைக்க இடம் இருக்காது. வைக்கோலை எடைக்கணக்கில் மட்டும் ஏற்றினால் லாரிக்காரர் டீசல் காசு கூட எடுக்க முடியாது. கூரியர் வேனும் விமானமும் இதே கதைதான். அதனால் தராசு காட்டும் எடை ஒன்று, பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிய கணக்கு ஒன்று என்று இரண்டும் போடுவார்கள். எது பெரிதோ அதற்குத்தான் காசு. இரண்டாவதற்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். பில்லில் ‘சார்ஜபிள் வெயிட்’ என்று ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள்.

கணக்கு சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, பெரும்பாலான கூரியர்களில் 5000-ஆல் வகுக்க வேண்டும். அந்த அக்காவின் பெட்டி 40, 30, 30 சென்டிமீட்டர். பெருக்கினால் 36,000. 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. அரை கிலோ படிக்கு ஏற்றி 7.5. சில நிறுவனங்கள் தரைவழி பார்சலுக்கு 4000-ஆல் வகுப்பார்கள். அப்படியானால் அதே பெட்டி 9 கிலோ. ஆகவே எங்கே போனாலும் முதல் கேள்வி: “எத்தனையால வகுக்கிய?” இதைக் கேட்டுவிட்டாலே கவுண்டரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அனுபவத்தில் சொல்கிறேன்.

5000 என்பதை வேறு விதமாகவும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 5 லிட்டர் இடத்துக்கு 1 கிலோ. வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணிக் கேனைக் காலியாக அனுப்பினாலும் குறைந்தது 4 கிலோ. உண்மையில் அதற்கும் மேலே போகும், ஏனென்றால் உருண்டையான பொருளையும் அதைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி இருப்பதாக நினைத்துத்தான் அளப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? அந்த அக்காவின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மேலே பாதிக்குப் பழைய பேப்பர் திணித்திருந்தது. மக்ரூனை எடுத்து வைத்துவிட்டு, உயரம் 18 சென்டிமீட்டர் மட்டும் நிற்கும்படி பெட்டியின் நான்கு மூலையையும் மேலிருந்து கத்தியால் கீறி, மிச்சத்தை உள்ளே மடித்து ஒட்டினேன். 40, 30, 18. கணக்குப் போட்டால் 4.32, அதாவது 4.5 கிலோ. ஒரு கத்திக் கீறலில் 3 கிலோ காசு மிச்சம். 30, 24, 22 அளவில் பெட்டி கிடைத்திருந்தால் மூன்றரை கிலோவிலேயே முடிந்திருக்கும். பழக்கடையில் சும்மா கிடைக்கிற பெட்டி சும்மா கிடைப்பதில்லை, அதற்கான விலையைக் கூரியர் கவுண்டரில் கொடுக்கிறோம்.

அளக்கும்போது டேப் பெட்டியின் மிகத் துருத்திய இடத்தில்தான் வைக்கப்படும். வயிறு புடைத்த பெட்டி 30 சென்டிமீட்டர் என்று நீங்கள் நினைத்தால் இயந்திரம் 31 என்று எடுக்கும். 30, 30, 30 என்பது 5.4 கிலோ. 31, 31, 31 என்பது ஏறக்குறைய 6. பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் புடைப்புக்கு அரை கிலோ காசு. ஆகவே அமுக்கித் திணித்த பெட்டியைவிட அளவான பெட்டி நல்லது. கயிறு கட்டி முடிச்சைப் பெரிதாக விடுவது, மூலைகளில் தெர்மாகோலை வெளியே ஒட்டுவது எல்லாம் அளவில் சேரும்.

பத்தமடைப் பாய் தனிக் கதை. சுருட்டிய பாய் 185 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் 3.7 கிலோ கணக்கு வருகிறது. பாயோ ஒன்றேகால் கிலோ இருந்தால் பெரிது. இதுபோக நீளம் ஒரு வரம்பைத் தாண்டினால் தனியாக ஒரு கட்டணமும் உண்டு, ‘ஓவர்சைஸ்’ என்று பில்லில் வரும். நயமான பாயைத் துணி மாதிரி மடிக்கலாம், அதுதானே பத்தமடையின் பெருமை. முரட்டுப் பாயை மடித்தால் கோரை ஒடியும். வாங்கும்போதே நெய்தவரிடம், “மடிச்சு அனுப்பலாமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மடிக்க முடியாத பாய்களை ஒவ்வொன்றாக அனுப்பாதீர்கள். ஐந்து பாயை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினால் 16 சென்டிமீட்டர் தடிமனுக்குள் வரும். கணக்கு ஒன்பதரை கிலோ. தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொன்றும் 4 கிலோ படிக்கு ஏறி, மொத்தம் இருபது.

## அளவும் சரி, எடையும் சரி, ஆனாலும் அரை கிலோ கூட

அல்வா வாங்கி அனுப்புகிறவர்களுக்கு வருகிற கோளாறு இது. அல்வா மக்ரூனுக்கு நேரெதிர். சின்ன இடத்தில் கனமாக உட்காரும். அதனால் வால்யூமெட்ரிக் கணக்கு இதில் பெரும்பாலும் தலை காட்டாது. பிரச்சினை படியில் இருக்கிறது. கூரியர்கள் 500 கிராம், 500 கிராமாகப் படி வைத்து வசூலிப்பார்கள். 1 கிலோ அல்வா, அதன் டப்பா, அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்தால் 1,120 கிராம். அந்த 120 கிராமுக்காக ஒன்றரை கிலோ காசு.

ஆகவே 1 கிலோ அல்வாவை 1 கிலோ கட்டணத்தில் அனுப்பவே முடியாது. கடையில் முக்கால் கிலோ கேளுங்கள், படிக்குள் அடங்கிவிடும். இல்லை, ஒன்றரைக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்றால் மிச்சமிருக்கும் இடத்தில் கால் கிலோ மிக்சர் வைத்து அனுப்புங்கள், கூலி கூடாது. எங்கள் கவுண்டரில் தினமும் அனுப்புகிற ஒரு தாத்தா இருந்தார். எடை போட்டுவிட்டு மிச்சம் எவ்வளவு என்று கேட்பார். நான் சொன்னதும் சட்டைப் பையிலிருந்து சுக்கு மிட்டாய் எடுத்து உள்ளே போடுவார்.

தபால் நிலையத்தில் படி வேறு மாதிரி. 2025 அக்டோபர் 1 முதல் புதிய ஸ்பீடு போஸ்ட் கட்டணம் நடைமுறையில் இருக்கிறது. கடிதங்களுக்கு 50 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று படிகள். பழைய ரெஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் பதிவுக்கு 5 ரூபாய் தனி. ஓ.டி.பி. சொன்னால்தான் தர வேண்டும் என்றால் அதற்கும் 5 ரூபாய் தனி. இரண்டுக்கும் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. நீங்கள் கேட்காமலே இந்த வரிகள் ரசீதில் இருந்தால் கவுண்டரிலேயே கேளுங்கள். ரசீது அடித்துக் கட்டு உள்ளே போன பிறகு கேட்டுப் பயனில்லை.

## “100 ரூபா ஆகும்”னு சொன்னாங்க, பில்லில் 141 ரூபாய் 60 காசு

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சொன்ன விதத்தில்தான் வம்பு. ஃபோனில் விலை கேட்டால் அடிப்படைக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருந்தார்கள். அடிப்படை 100 ரூபாய். அதன்மேல் எரிபொருள் கட்டணம், ஃபியூயல் சர்சார்ஜ், 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 120 ஆகிவிட்டது. அந்த 120-க்குத்தான் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவார்கள், 100-க்கு இல்லை. 21 ரூபாய் 60 காசு. சில இடங்களில் டாக்கெட் சார்ஜ் என்று ரசீது போடுவதற்கே ஒரு தொகை. பொருளுக்கு விலை எழுதியிருந்தால் அந்த விலையில் இத்தனை சதவீதம் என்று எஃப்.ஓ.வி. என்ற வரி வரும். உடைந்தாலோ தொலைந்தாலோ கேட்பதற்கான பாதுகாப்புக்காக அது.

கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: “எல்லாம் சேர்த்து கையிலிருந்து எவ்வளவு தரணும்?”

## புக் பண்ணும்போது காசு கட்டியாச்சு, நாலு நாள் கழித்து வாலட்டில் பிடித்தம்

இது வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு. நம் பக்கத்தில் இப்போது இவர்கள் நிறைய. கல்லிடைக்குறிச்சியில் என் மதினி அப்பளமும் வடகமும் வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறார்கள். பல கூரியர்களை ஒரே ஆப்பில் சேர்த்துத் தருகிற ஒரு நிறுவனத்தில் முன்பணம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மாசத்தில் திடீரென்று 1,800 ரூபாயைக் காணோம். ஆப்பைத் திறந்தால் ‘வெயிட் டிஸ்கிரிபன்சி’, அதாவது எடை வித்தியாசம் என்று ஒரு பட்டியல். மதினி, “எவனோ ஃபோனை ஹேக் பண்ணிட்டான்”னு அழாத குறை.

நடந்தது இது. புக் செய்யும்போது மதினி பெட்டியின் அளவைப் போடவே இல்லை. ஆப் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த 10, 10, 10 சென்டிமீட்டரை அப்படியே விட்டு எடையை மட்டும் அரை கிலோ என்று போட்டிருந்தார்கள். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பெரிய சேர்ப்பகத்துக்குப் போனதும் கன்வேயரில் ஓடும்போதே இயந்திரம் எடையும் அளவும் எடுத்து, படமும் பிடித்துக்கொள்ளும். வடகப் பெட்டி 30, 25, 20. அதாவது 15,000-ஐ 5000-ஆல் வகுத்தால் 3 கிலோ. அரை கிலோவுக்குக் கட்டியதற்கும் 3 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் பார்சலுக்குப் பார்சல் பிடித்திருக்கிறார்கள். இதில் மதினி பக்கம்தான் தவறு, அதை நான் சொன்னபோது இரண்டு நாள் எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் மூன்று பார்சல் வேறு மாதிரி இருந்தது. அதே பெட்டி, அதே அளவு, ஆனால் இயந்திரம் 5 கிலோ, 6 கிலோ என்று காட்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மதினியின் பெட்டியை ஒட்டி வேறொருவர் பெட்டியும் சேர்ந்து ஓடியிருக்கிறது. இயந்திரம் இரண்டையும் ஒன்றாக எடுத்துவிட்டது. இந்த மூன்றுக்கும் ஆப்பிலேயே மறுப்புப் பதிந்து பணம் திரும்ப வந்தது. திரும்ப வந்ததற்குக் காரணம் என் வாதத் திறமை இல்லை. மதினியிடம் பேக் செய்த அன்று எடுத்த படங்கள் இருந்தன, வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்காக எடுத்தவை.

அதிலிருந்து மதினி வீட்டில் வைத்த பழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். லேபிள் ஒட்டிய பிறகு மூன்று படம். பெட்டி தராசின் மேல் இருக்க, தராசின் எண்ணும் லேபிளில் உள்ள ஏ.டபிள்யூ.பி. எண்ணும் (டிராக்கிங் எண்தான்) ஒரே படத்தில் தெரிய வேண்டும். அடுத்த படத்தில் டேப்பை நீளவாட்டில் வைத்து, மூன்றாவதில் அகலமும் உயரமும் தெரியும்படி. லேபிள் ஒட்டுவதற்கு முன் எடுத்த படம் செல்லாது, எந்தப் பெட்டிக்கும் அதைக் காட்டலாம் என்று சொல்லிவிடுவார்கள். மறுப்புக் கொடுக்கச் சில நாள்தான் அவகாசம் இருக்கும், அது தாண்டினால் நீங்கள் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. ஆகவே வாரத்தில் ஒரு நாள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை, அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுகிறோம்.

பெட்டியையும் இரண்டே அளவாகக் குறைத்துக்கொண்டார்கள். எல்லா ஆர்டரும் இரண்டில் ஒன்று. அளவை ஆப்பில் ஒருமுறை சரியாகப் பதிந்தால் போதும், ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியதில்லை.

## ஊர்ப் பெயரைச் சொன்னதும் தொகை ஏறுகிறது

பில்லில் ஓ.டி.ஏ. என்று இருக்கும். அந்த நிறுவனத்தின் வழக்கமான டெலிவரி எல்லைக்கு வெளியே உள்ள இடம் என்று பொருள். காரையாறு, சேர்வலாறு பக்கம் என்றால் புரிகிறது, மலை. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஊருக்கும் இது வரும். தூரத்தை வைத்து இல்லை, பின்கோடு பட்டியலை வைத்துப் போடுவது அது. ஒரு கூரியரின் பட்டியலில் இருக்கும் ஊர் இன்னொன்றின் பட்டியலில் இருக்காது. அதனால் இரண்டு மூன்று நிறுவனத்தின் தளத்தில் பின்கோட்டைப் போட்டுப் பாருங்கள்.

இல்லையென்றால் பார்சலைப் பக்கத்து டவுனில் உள்ள கிளையிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லி, போய் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அம்பாசமுத்திரத்துக்கோ வள்ளியூருக்கோ வாரம் ஒருமுறை யாராவது போய் வராமலா இருப்பார்கள்? அதுவும் ஒத்து வராது என்றால் தபால் நிலையம்தான். நாடு முழுக்க 1.6 லட்சத்துக்கும் மேல் அஞ்சலகங்கள், அதில் பெரும்பாலானவை கிராமத்தில். நமக்குத் தெரிந்த தபால்காரர் சைக்கிளில் கொண்டு வந்து கொடுத்துவிடுவார்.

பின்கோடு விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆனால் மாவட்டம் பிரிந்தபோது பின்கோடு பிரியவில்லை. தென்காசியும் 627-தான், நெல்லையும் 627-தான். ஆகவே தளத்தில் தென்காசிக்காரருக்கு மாவட்டம் என்ற இடத்தில் திருநெல்வேலி என்று தானாக வந்தால் பயப்பட வேண்டாம், பார்சல் எண்ணைப் பார்த்துத்தான் போகும். பயப்பட வேண்டியது மூன்றாவது எண்ணில். 626 என்றால் விருதுநகர் பக்கம், 628 தூத்துக்குடி பக்கம், 629 கன்னியாகுமரி. ஓர் எண் மாறினால் பார்சல் வேறு ஊர் சேர்ப்பகத்துக்குப் போய்விடும், அங்கிருந்து திருப்பி விட ஒரு கட்டணம், நாலு நாள் தாமதம். நாலு நாளில் மக்ரூன் நமுத்துவிடும்.

## போன பார்சல் திரும்பி வந்துவிட்டது, அதற்கும் காசு

ஆர்.டி.ஓ. என்று வரும். வண்டி ஓட்டுநர் உரிமம் தருகிற ஆர்.டி.ஓ. இல்லை, அனுப்பிய இடத்துக்கே திரும்புவதன் சுருக்கம். கதவு பூட்டியிருந்தது, ஃபோன் எடுக்கவில்லை, கேஷ் ஆன் டெலிவரி பார்சலை வாங்க மறுத்தார்கள் என்று காரணம் எதுவானாலும் திரும்பி வருகிற கூலி அனுப்பியவர் தலையில். அதற்கு மேல் கேஷ் ஆன் டெலிவரி கட்டணமும் தனியாக இருக்கலாம். விற்பவர்கள் புது வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு ஃபோன் போட்டுப் பேசிவிடுவது மலிவு. விலாசத்தில் இரண்டாவது ஃபோன் எண் எழுதுங்கள். “நெல்லையப்பர் கோயில் பக்கம்” என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கோயிலுக்கு நாலு ரத வீதி இருக்கிறது.

## லாரி பார்சல் ஆபீஸில் எடுக்கப் போனால், அனுப்பியவர் சொன்னதைவிட இரண்டு மடங்கு

வீடு மாற்றும் சாமான், காருக்குறிச்சி மண்பானை, மொத்தமாகப் போகும் கருப்பட்டி எல்லாம் லாரி பார்சலில்தான் போகும். கூரியரைவிட மலிவு. ஆனால் இங்கே கட்டணப் பெயர்கள் வேறு, பாதிப் பெயர்கள் எல்.ஆர். என்கிற லாரி ரசீதுத் தாளில் கையெழுத்தில்தான் இருக்கும்.

முதலில் எல்.ஆர். தாளில் ‘பெய்டு’ என்று இருக்கிறதா, ‘டு பே’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். டு பே என்றால் கூலி மொத்தமும் எடுக்கிறவர் கட்ட வேண்டும். அனுப்பியவர் புக்கிங்கில் கொடுத்த 50, 100 ரூபாயை முழுக் கூலி என்று நினைத்து உங்களிடம் சொல்லியிருப்பார். அது எல்.ஆர். போடவும் சாமானை ஏற்றவும் ஆன தொகையாக இருக்கும்.

அடுத்தது கன அடி. கூரியரின் 5000-க்கு இங்கே இதுதான் இணை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கி, ஒரு கன அடிக்கு 6 கிலோ முதல் 10 கிலோ வரை ஏதாவது ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 3 அடி, 2 அடி, 2 அடி பெட்டி 12 கன அடி. 8 கிலோ வைத்தால் 96 கிலோ கணக்கு. உள்ளே என்ன இருந்தாலும் சரி. பானையைப் போல உள்ளே வெற்றிடம் உள்ள சாமானுக்கு இது கடுமையாக அடிக்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, அதற்குள் சட்டி, இடையில் வைக்கோல் என்று அடுக்குங்கள். காருக்குறிச்சிக்காரர்கள் இதைச் சொல்லாமலே செய்து தருவார்கள்.

மூன்றாவது குறைந்தபட்ச எடை. 12 கிலோ மூட்டை கொடுத்தாலும் மினிமம் 20 கிலோ, சில இடத்தில் 50 கிலோ என்று போடுவார்கள். சின்ன மூட்டைக்கு லாரி ஆபீஸ் மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள்.

அப்புறம் ஏற்று இறக்குக் கூலி. தாளில் ஹமாலி என்று இருக்கும். கூடுதலாக டோர் டெலிவரி கேட்டிருந்தால் அதற்குத் தனி. கேட்காமல் போட்டிருந்தால் நீங்களே ஆபீஸில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கழிக்கச் சொல்லலாம். கடைசியாக டெமரேஜ், அதாவது கோடவுன் வாடகை. சாமான் வந்து சில நாள் இலவசமாக வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு நாள்கணக்கில் ஏறும். ரயில் பார்சலில் இதன் பெயர் வார்ஃபேஜ். “வந்ததே எங்களுக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்ப முடியாது, எல்.ஆர். எண் உங்களிடம் இருக்கிறதே என்பார்கள். அனுப்பியவர் எல்.ஆரைப் படம் பிடித்து அனுப்பிய நாளிலிருந்து இரண்டாம் நாளே ஆபீஸுக்கு ஃபோன் போடத் தொடங்குங்கள்.

வியாபாரச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு வரி. மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு வேண்டும், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல். அது இல்லாமல் வழியில் பிடித்தால் வருவது கூடுதல் கட்டணம் இல்லை, அபராதம். கூரியர் பில்லில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதில் போய்விடும்.

## பஸ்ஸில் போட்டு விட்டோம், மலிவுதான், ஆனால் மொத்தச் செலவு கூடிவிட்டது

வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் ராத்திரி ஏழு மணிக்கு ஏற்றினால் காலையில் சென்னை. வேகத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கேதான் போய் நிற்கின்றன. அங்கிருந்து அம்பத்தூருக்கோ பெரம்பூருக்கோ ஆட்டோ வைத்தால் பார்சல் கூலியைப் போல மூன்று மடங்கு. எடுக்கிறவர் வீடு தாம்பரம் பக்கம் என்றால் பஸ், வடசென்னை என்றால் கூரியர். ரசீது இல்லாமல் டிரைவர் கையில் கொடுத்து அனுப்பினால் தொலைந்ததற்கு யாரையும் கேட்க முடியாது, அதனால் தங்கம், பணம், ஒரிஜினல் சான்றிதழ் வேண்டாம்.

## துபாயிலிருந்து சித்தப்பா அனுப்பிய கிஃப்ட்டுக்குக் காசு கேட்கிறார்கள்

“கிஃப்ட் என்று எழுதினால் வரி இல்லை” என்பது நம் ஊரில் இன்னும் உலவுகிறது. முன்பு 5,000 ரூபாய் வரை அப்படி ஒரு சலுகை இருந்தது உண்மை. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்து, ராக்கி போன்றவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கிஃப்ட் என்று எழுதியிருந்தாலும் முழு வரி உண்டு. வரியோடு கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் கட்டி எடுத்ததற்கான கட்டணமும் சேர்ந்து வரும். ஆதார் போன்ற கே.ஒய்.சி. ஆவணம் கேட்டு மெயில் வந்தால் அன்றே அனுப்புங்கள். தாமதித்தால் கிடங்கு வாடகையும் ஓடத் தொடங்கிவிடும். சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டு, ஊருக்கு வருகிறவர் பெட்டியில் கொடுத்து அனுப்பச் சொல்வது இன்றைக்கும் மலிவான வழி.

எதிர்த் திசையில், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பொடியும் ஊறுகாயும் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 800 டாலர் வரை வரியில்லாமல் பார்சல் உள்ளே போகிற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாட்டுக்கும் நிறுத்தியது. அதையொட்டி நம் தபால் துறையும் அங்கே பார்சல் எடுப்பதை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி, அக்டோபர் 15 அன்று மறுபடி தொடங்கியது. வரியை இங்கே முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் முறை அப்போது வந்தது. வரி விகிதம் அடிக்கடி மாறுகிறது, போன மாதம் மாமா பிள்ளைக்கு அனுப்பிய கணக்கை வைத்து இந்த மாதம் போகாதீர்கள். பொருளின் விலையைக் குறைத்து எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். மாட்டினால் பார்சல் அங்கேயே நிற்கும். மாட்டாமல் தொலைந்தால் நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த விலைதான் திரும்பக் கிடைக்கும்.

## ஆன்லைனில் வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் டெலிவரி கட்டணம் முளைக்கிறது

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி டெலிவரி கட்டணம் போன்ற கட்டாயச் செலவுகளையும் சேர்த்த மொத்த விலையைப் பிரித்துக் காட்ட வேண்டும். பணம் கட்டும் கட்டத்தில் மறைத்து வைத்த தொகையை வெளியே எடுப்பதையும், நீங்கள் சேர்க்காத இன்சூரன்ஸையோ நன்கொடையையோ கூடையில் தானாகச் சேர்ப்பதையும் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல் தடை செய்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ‘இத்தனை ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம்’ என்பதற்காக 49 ரூபாய் மிச்சம் பிடிக்க 300 ரூபாய்க்குத் தேவையில்லாத சாமான் வாங்கினால் அதற்கு எந்த எண்ணிலும் புகார் எடுக்க மாட்டார்கள்.

## “உங்கள் பார்சல் நிற்கிறது, 25 ரூபாய் கட்டவும்” என்று லிங்க் வந்திருக்கிறது

இது மட்டும் கூடுதல் கட்டணம் இல்லை, திருட்டு. தபால் துறை பெயரிலும் கூரியர் பெயரிலும் வரும். தொகை சின்னதாக இருப்பதே தூண்டில். 25 ரூபாய் போனால் போகிறது என்று கார்டு எண்ணைப் போட்டதும் கணக்கில் இருப்பது போய்விடும். உண்மையான பாக்கி இருந்தால் டிராக்கிங் எண்ணை நீங்களே நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கும்போது அதில் தெரியும். வந்த லிங்க்கைத் தொடவே வேண்டாம். தெரியாமல் கட்டிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு ஃபோன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் இப்படி ஒரு குறுஞ்செய்தியோடு என் கவுண்டருக்கு வந்தார். ஃபோனை நீட்டி, “இதுல எப்படித் தம்பி காசு கட்டணும்?” என்றார். ஏதாவது பார்சல் வர வேண்டியிருக்கிறதா தாத்தா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “எனக்கு யார்ப்பா பார்சல் அனுப்பப் போறா” என்று சொல்லிவிட்டு ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.